பழைய பிக்கப்ல ஹீட்டர் காத்து ஐஸா வருது, கராஜ்காரர் டேஷ்போர்டை எறக்கணும்ங்கறாரு, உண்மையா?

மில்வுட்ஸ்_மச்சான் (எட்மன்டன்)

வணக்கம் மக்களே. இங்க கனடால பழைய பிக்கப் வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. வண்டி 2005 மாடல், எட்டு சிலிண்டர் பெட்ரோல், நாலு கதவு. கம்பெனி பேரப் போட்டா "அந்த வண்டிய எவன் வாங்குவான்"னு நாலு பேரு சண்டைக்கு வருவீங்க, அதனால போடல. 2,90,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. போன கோடையில ஒரு விவசாயிகிட்ட இருந்து வாங்குனது.

பிரச்சனை இதான். ஹைவேல போறப்ப ஹீட்டர்ல வெதுவெதுன்னு ஒரு காத்து வருது, அதுவும் சூடுன்னு சொல்ல முடியாது, சிக்னல்ல நின்னா அதுவும் போய் சுத்தமா ஐஸ் காத்து. ஆக்ஸிலேட்டர மிதிச்சா திரும்ப கொஞ்சம் வெதுவெதுப்பு. டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள்ளு எப்பவும் போல நடுவுலதான் நிக்குது, எறங்குறதே இல்ல. ஃபேன் எல்லா ஸ்பீடும் நல்லா சுத்துது. கால் வைக்கிற எடத்துல கார்பெட் காஞ்சுதான் இருக்கு, இனிப்பு வாசனை எதுவும் இல்ல. கூலன்ட் டேங்க்ல அளவு ஃபுல்லா காட்டுது, கலர்தான் கொஞ்சம் பழுப்பா இருக்கு.

இந்த வாரம் காலைல மைனஸ் 28. கண்ணாடியில உள்பக்கம் பனி புடிக்குது, நான் ஒரு கையால ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால பழைய லைப்ரரி கார்ட வச்சு உள்ள சொரண்டிக்கிட்டே நிஸ்கு வரைக்கும் வேலைக்குப் போறேன். சனிக்கிழமை பொண்ண நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகணும், ஈரத் தலையோட இந்த வண்டில எப்படி ஏத்துறதுன்னு வீட்டம்மா கேக்குறாங்க, நியாயந்தான்.

பக்கத்துல ஒரு கராஜ்ல காட்டுனேன். மொதல்ல தெர்மோஸ்டாட்னு (எஞ்சின் சூடேறுற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டர் பக்கம் விடாம அடைச்சு வைக்கிற வால்வு) சொல்லி மாத்துனாங்க, காசு போனதுதான் மிச்சம், ஒரு மாற்றமும் இல்ல. இப்ப "ஹீட்டர் கோர் போயிருக்கும், டேஷ்போர்டை முழுசா எறக்கணும், 1,700 டாலர் ஆகும்"ங்கறாரு. போயிருக்குன்னு சொல்லல, போயிருக்கும்னு சொல்றாரு, அதான் எனக்கு உதைக்குது. வண்டியே 4,000 டாலர்தான் பெறும். கோர் போயிருந்தா கார்பெட்ல தண்ணி ஒழுகணும்ல? வேற ஏதாச்சும் பாக்கலாமா, இல்ல காசக் கட்டிரலாமா?


கல்கரி_கருப்பட்டி

ப்ரோ, மொதல்ல ஒண்ணு. டேங்க்ல ஃபுல்லா இருக்குங்கறத நம்பாதீங்க. ரேடியேட்டர் மேல தனியா மூடி இருக்கற வண்டின்னா, ராத்திரி முழுக்க நின்னு நல்லா ஆறுன பெறகு காலைல அந்த மூடியத் தொறந்து உள்ள பாருங்க. மூடியில இருக்கற ரப்பர் வீணாப்போயிருந்தா வண்டி ஆறும்போது டேங்க்ல இருந்து கூலன்ட்ட உறிஞ்சி எடுக்காது, டேங்க் ஃபுல்லாவே நிக்கும், ரேடியேட்டர் காலியாகிட்டே போகும். கூலன்ட் கொறைஞ்சா மொத அடி ஹீட்டருக்குத்தான், ஏன்னா நெறைய வண்டில ஹீட்டர் பைப்பு ஒசரத்துல இருக்கும், காத்து அங்க போய் ஒக்காந்துக்கும். ஐடில்ல, அதாவது ஆக்ஸிலேட்டர மிதிக்காம நிக்கறப்ப ஜில்லு, மிதிச்சா வெதுவெதுங்கறது நெறைய கேசுல இதான். ஸ்டார்ட் பண்ணுன ஒடனே டேஷ்போர்டுக்குப் பின்னாடி தண்ணி கொடகொடன்னு ஓடுற சத்தம் கேக்குதா? கேட்டா ஏர் புடிச்சிருக்குன்னு அர்த்தம்.

சூடா இருக்கும்போது மட்டும் மூடியத் தொறந்துராதீங்க, ப்ரஷர்ல மூஞ்சியில அடிக்கும். சும்மா சொல்லல, நூறு டிகிரிக்கு மேலயும் கொதிக்காம அடங்கி நிக்கிற தண்ணி அது, மூடிய எடுத்த அடுத்த நொடி கொதிச்சிரும்.

அப்புறம் அந்த முள்ளையும் நம்ப வேணாம். அந்தக் காலத்து அமெரிக்க வண்டி நெறையவற்றுல முள்ளு நடுவுல நிக்கற மாதிரியே செட் பண்ணி வச்சிருப்பான், எஞ்சின் 75 டிகிரியில இருந்தாலும் நடுவு, 100ல இருந்தாலும் நடுவு. வண்டியோட கம்ப்யூட்டரப் படிக்கற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் 20, 30 டாலருக்குக் கெடைக்கும், 2005 வண்டிக்குத் தாராளமா வேலை செய்யும், அதுல கூலன்ட் டெம்பரேச்சர் என்னன்னு நேரா நம்பரா பாத்துக்கலாம்.


ரெஜினா_ராசா

சிகரெட் லைட்டர்ல சொருகுற ஹீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல விக்குதுல்ல, அத வாங்கி இந்தக் குளிர ஓட்டிருங்க பாஸ், வசந்தம் வந்தா பாத்துக்கலாம். இல்லன்னா கேம்பிங் போற சின்ன ப்ரொப்பேன் ஹீட்டர். எங்க ஃபார்ம்ல ஒருத்தர் ட்ராக்டர் கேபின்ல அப்படித்தான் வச்சிருந்தாரு.


கல்கரி_கருப்பட்டி

ராசா, தயவுசெஞ்சு இந்த மாதிரி யோசனை வேணாம். மூடுன கேபின்ல ப்ரொப்பேன் எரிச்சா கார்பன் மோனாக்சைடு, வாசனையும் வராது, தூக்கம் வர்ற மாதிரி வந்து ஆளையே தூக்கிரும். அதுவும் சின்னப் பொண்ணு பின்சீட்ல.

லைட்டர்ல சொருகறது அந்த அளவுக்கு ஆபத்து இல்ல, ஆனா பிரயோஜனமும் இல்ல. அந்த சாக்கெட்டுக்கு ஃபியூஸே 15, 20 ஆம்பியர்தான், கணக்குப் போட்டா 200 வாட்டச் சுத்திதான் வரும். வண்டியோட சொந்த ஹீட்டர் குடுக்கறது கிலோவாட் கணக்குல. மைனஸ் 28ல அத வச்சு கண்ணாடியில ஒரு உள்ளங்கை அளவு பனி உருகுனா பெரிய விஷயம்.


ஸ்கார்பரோ_ஸ்பானர்

தம்பி மச்சான், முதல்ல அந்த 1,700 டொலரைப் பொக்கற்றுக்குள்ளயே வைச்சிருங்கோ. நான் இஞ்ச கராச்சில வேலை செய்து இப்ப ஓய்வு, உந்த ஹீற்றர் கேஸ் கனக்கப் பாத்தாச்சு. ஆக்கள் பிழை விடுற இடம் ஒண்டுதான், தொட்டுப் பாக்காமல் சாமான் மாத்துறது.

ஹீற்றர் எண்டுறது பெரிய விசயம் இல்லை. எஞ்சினுக்கை சுத்துற அதே சுடுதண்ணி ஒரு குழாயால டாஷ்போர்ட்டுக்குப் பின்னால போகுது, அங்கை ஒரு சின்ன றேடியேற்றர் கிடக்கு, அதுதான் கோர், ஃபேன் அதுக்குள்ளால காத்தை ஊதுது, தண்ணி மற்றக் குழாயால திரும்பி எஞ்சினுக்கு வருது. அதுக்கு முன்னால ஒரு பிளாஸ்ரிக் கதவு, நீங்கள் சூடு குளிர் எண்டு திருப்பிற குமிழ் அந்தக் கதவைத்தான் ஆட்டுது, சூடான காத்து எவ்வளவு, குளிர் காத்து எவ்வளவு எண்டு கலக்கிறது அது. ஆக பிழை ஒண்டில் தண்ணியில, இல்லாட்டி காத்தில. இதைப் பிரிச்சுப் போட்டால் அரைவாசி வேலை முடிஞ்சுது.

வாகனத்தை ஒரு இருபது நிமிசம் ஓடிப்போட்டு வந்து, ஹீற்றரை முழுச் சூட்டில விட்டு, எஞ்சினை நிப்பாட்டிப் போட்டு பொனற்றைத் திறவுங்கோ. நிப்பாட்டிப் போட்டு எண்டு சொன்னனான், பெல்ட்டுக்குப் பக்கத்தில கை விடுற வேலை இது. ஃபயர்வோலுக்குள்ள, அதாவது எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவில இருக்கிற தகட்டுச் சுவருக்குள்ள, போற ரெண்டு றப்பர் குழாய் இருக்கும், பெருவிரல் தடிப்பில. ரெண்டையும் தொட்டுப் பாருங்கோ, கையுறை போட்டுக்கொண்டு.

ரெண்டும் பிடிக்கேலாத சூடு எண்டால் தண்ணிப் பக்கம் சுகம், கோரைத் தொடாதேங்கோ. பிழை அந்தப் பிளாஸ்ரிக் கதவில, இல்லாட்டி அதை ஆட்டுற சின்ன மோட்டரில. அந்த மோட்டருக்குள்ள பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரம், வயசு போனால் பல்லு உடைஞ்சிடும், குமிழைத் திருப்பேக்கை டாஷ்போர்ட்டுக்குள்ள டிக் டிக் எண்டு சத்தம் போடும். கன வாகனங்களில அது ரெண்டு மூண்டு ஸ்குரூவோட கழண்டு வரும், டாஷ்போர்ட்டை இறக்கவே தேவை இல்லை.

ரெண்டும் இளஞ்சூடு எண்டால் எஞ்சினே சூடேறேல்லை, தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிப் போச்சு, இல்லாட்டி தண்ணி போதாது. ஒண்டு கொதிக்குது, மற்றது குளிர் எண்டால் கோருக்குள்ளால தண்ணி ஓடேல்லை, அடைப்பு, இல்லாட்டி வழியில ஒரு வால்வு இருந்தால் அது மூடிக் கிடக்கு. எல்லா வாகனத்திலயும் அந்த வால்வு இல்லை, குழாயைப் பிடிச்சுக்கொண்டு போய் வடிவாப் பாருங்கோ.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிப்போடுறன். கோர் ஓட்டையானால்தான் காப்பெற் நனையும், கண்ணாடியில எண்ணெய் மாதிரி மங்கலாப் படியும், இனிப்பு மணம் வரும். கோர் அடைச்சால் ஒண்டும் ஒழுகாது. ரெண்டையும் "கோர் போச்சு" எண்டு ஒரே சொல்லில சொல்லித்தான் கராச்சில காசு வாங்குறது. ஓட்டைக்கு மாத்தத்தான் வேணும், அடைப்பைக் கழுவிப் பாக்கலாம்.

பழுப்புத் தண்ணி எண்டு எழுதியிருக்கிறியள், எனக்கு அதுதான் இடிக்குது. ஆனா தொட்டுப் பாக்காமல் சொல்ல மாட்டன்.


மில்வுட்ஸ்_மச்சான் (எட்மன்டன்)

அண்ணே, இவ்வளவு பொறுமையா இதுவரைக்கும் எவனும் எனக்கு வெளக்குனதில்ல, ரொம்ப நன்றி. நான் வேலை பாக்கற எடத்துல தொடாமலே சூடு அளக்கற இன்ஃப்ராரெட் கன் இருக்கு, அதை எடுத்துட்டு வந்து லஞ்ச் டயத்துல பார்க்கிங்லயே பாத்தேன். ஒரு குழாய் 84 டிகிரி, இன்னொண்ணு 31. கையால தொட்டாலே தெரியுது, ஒண்ணுல கைய வைக்க முடியல, இன்னொண்ணு செத்த பாம்பு கணக்கா இருக்கு. வால்வு எதுவும் இல்ல, ரெண்டு குழாயும் நேரா எஞ்சின்ல இருந்து ஃபயர்வாலுக்குள்ள போகுது. ஸ்கேனர் நண்பன்கிட்ட வாங்கிப் போட்டேன், எஞ்சின் 88, 89ல நிக்குது, கோளாறுக் கோட் எதுவும் காட்டல.

கருப்பட்டி சொன்ன மாதிரி காலைல ரேடியேட்டர் மூடியத் தொறந்தேன், உள்ள தண்ணி மட்டம் கண்ணுக்கே தெரியல, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடிச்சுது. டேங்க் என்னவோ ஃபுல்லாதான் இருந்துச்சு! மூடிக்கு அடியில வழவழன்னு பழுப்பா ஒரு சேறு ஒட்டியிருந்துச்சு, வெரலால தேச்சா உள்ள பொடிப்பொடியா மினுக்குது. ஊத்துன பெறகு ஹீட்டர் லேசா முன்னேற்றம், ஆனா சிக்னல்ல அதே கதைதான்.

இன்னொண்ணு. பின்சீட்டுக்கு அடியில ஜாக்கி வைக்கிற எடத்த நோண்டுனப்ப ஒரு காலி பாட்டில் கெடைச்சுது, ரேடியேட்டர் ஒழுகுனா ஊத்துற அடைப்பு மருந்து. முன்னாடி வச்சிருந்தவர் ஊத்திருப்பாரு போல.


வின்னிபெக்_வாத்தி

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். 84க்கு 31ன்னு பாத்த ஒடனே அடைப்புன்னு முடிவு கட்டாதீங்க. ஃபேன் எந்த ஸ்பீடுல இருந்துச்சு, எஞ்சின் ஐடில்லயா? மைனஸ் இருபத்தஞ்சு காத்த ஃபுல் ஸ்பீடுல கோர் மேல அடிச்சுக்கிட்டே ஐடில்ல அளந்தா நல்லா இருக்கற வண்டியிலயும் வெளிய வர்ற தண்ணி கணிசமா ஆறித்தான் வரும், அந்தச் சூட்ட உறிஞ்சறதுதானே கோரோட வேலை. ஃபேன நிறுத்திட்டு, ஒரு ஆள விட்டு 2,000 ஆர்பிஎம்ல அஞ்சு நிமிஷம் புடிச்சு வச்சுட்டு, அப்புறம் எஞ்சின அணைச்ச கையோட அளங்க. அப்பவும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாத்தான் தண்ணி ஓட்டம் இல்லன்னு அர்த்தம்.

இன்ஃப்ராரெட் கன்ன ரப்பர் குழாய் மேல காட்டுங்க, பளபளன்னு இருக்கற அலுமினியம் பைப் மேல காட்டுனா பொய் நம்பர் காட்டும். பைப்லதான் அளக்க முடியும்னா கருப்பு டேப் சுத்திட்டு அது மேல அளங்க.

வாட்டர் பம்ப்பையும் மறந்துராதீங்க. உள்ள சுத்துற எறக்கை தேஞ்சு போனா ஐடில்ல தள்ளறதுக்கு வலு இருக்காது, மிதிச்சா ஓடும். நீங்க சொல்ற அறிகுறி அதுக்கும் பொருந்துது.


ஸ்கார்பரோ_ஸ்பானர்

வாத்தியார் சொல்லுறது சரி, ஃபேனை நிப்பாட்டித்தான் அளக்க வேணும், நான் அதை எழுதியிருக்க வேணும். மச்சான், ஒருக்கா அப்பிடிச் செய்து பாருங்கோ. ஆனா அந்தப் போத்தல் கதையைக் கேட்ட பிறகு எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அடைப்பு மருந்து எண்டுறது ஓட்டையைத் தேடிப்போய் அடைக்கிற புத்திசாலி இல்லை, எங்கெங்கை வழி ஒடுக்கமோ அங்கெல்லாம் படியும். வாகனத்தில ஆக ஒடுக்கமான வழி ஹீற்றர் கோர். மினுக்கிற பொடி எண்டியளே, உதில சிலதுக்குச் செம்புத் தூள் போடுறவங்கள், உது அதாத்தான் இருக்கும்.


மில்வுட்ஸ்_மச்சான் (எட்மன்டன்)

வாத்தியார் சொன்ன மாதிரி ஃபேன ஆஃப் பண்ணி அளந்தேன். 86, 42. தம்பிய விட்டு ஆக்ஸிலேட்டர் புடிக்க வச்சேன். அப்ப அடைப்புதானே? கழுவறது எப்படின்னு சொல்லுங்கண்ணே. வீட்ல வெளிக் குழாய் எல்லாம் உறைஞ்சு கெடக்கு, ஆனா தெரிஞ்சவர் ஒருத்தர் சூடு பண்ணுன கராஜ் தர்றேன்னு சொல்லிருக்காரு, உள்ளயே வெந்நீர்க் குழாயும் இருக்கு.


ஸ்கார்பரோ_ஸ்பானர்

சூடான கராச் இருந்தால்தான் உதைத் தொடங்கோணும். வெளியில மைனஸ் 20ல செய்ய வெளிக்கிட்டால் கோருக்கை நிண்ட வெறும் தண்ணி கட்டியாகி கோர் வெடிச்சிடும், பிறகு உண்மையாவே 1,700 டொலர்.

எஞ்சின் நல்லா ஆறினாப் பிறகு கீழ ஒரு பெரிய தட்டு வைச்சு கூலன்ற் கொஞ்சம் இறக்குங்கோ. பிறகு ஃபயர்வோலில இருந்து ரெண்டு குழாயையும் கழட்டுங்கோ. இந்த இடத்தில கவனம், தம்பி. இருபது வருசமா ஒட்டிப் பிடிச்ச றப்பர், முறுக்கி இழுத்தால் உள்ளுக்க இருக்கிற மெல்லிசுக் குழாய் வளையும், உடையும். கழண்டு வராட்டில் றப்பரைக் கத்தியால நெடுக்காக் கீறிக் கழட்டிப் போட்டு புதுக் குழாய் பூட்டுங்கோ, பத்துப் பதினைஞ்சு டொலர்ச் சாமானுக்கு கோரைப் பழுதாக்காதேங்கோ.

எந்தக் குழாயால தண்ணி வெளியில வருதோ, அதுக்குள்ளால வெந்நீரை விடுங்கோ, அதாவது தலைகீழா. உள்ள போற வழியிலதான் குப்பை வந்து சேந்திருக்கும், அதை வந்த வழியாலயே தள்ளோணும். மற்றக் குழாயில ஒரு நீட்டுக் குழாயைப் பூட்டி வாளிக்குள்ள விடுங்கோ. தண்ணியை மெதுவா விடுங்கோ, ப்ரஷர் கூடாது, பழைய கோர் தாங்காது. கொஞ்சம் தலைகீழா, கொஞ்சம் நேரா, மாறி மாறி. வாளியில தண்ணி தெளிவா வருமட்டும் நிப்பாட்டாதேங்கோ. கடைசியில காத்தை மெதுவா ஊதி உள்ளுக்க நிக்கிற தண்ணியை வெளியேத்தோணும், இல்லாட்டி அது கூலன்றோட கலந்து கூலன்ற் நீத்துப் போகும்.

வாளித் தண்ணியை றோட்டு வடிகாலுக்குள்ள ஊத்தாதேங்கோ. கூலன்ற் இனிப்பு, பக்கத்து வீட்டு நாயோ பூனையோ நக்கினால் அதோட சரி. உங்கட எட்மன்டன் எகோ ஸ்ரேஷன்ல, அதாவது நகரசபை கழிவு எடுக்கிற இடத்தில, குடுக்கலாம், எடுப்பாங்கள்.


வின்னிபெக்_வாத்தி

கழுவறதுக்கு வினிகர், சுண்ணாம்பு கரைக்கற லிக்விட்னு யூடியூப்ல ஆளாளுக்கு ஒண்ணு ஊத்துவாங்க. 2005 வண்டின்னா கோர் பெரும்பாலும் அலுமினியம், ஆசிட்ட உள்ள ஊற வச்சுட்டுத் தூங்கிப்போனா கோரையும் சேத்து கரைக்கும். மொதல்ல வெறும் வெந்நீர். அதுல வரலன்னா அப்புறம் யோசிக்கலாம்.

இன்னொரு அபிப்ராயம், ஸ்பானர் அண்ணன் கோச்சுக்கக் கூடாது. அடைப்பு மருந்து ஊத்துன கோர் கழுவுனாலும் முழுசாத் தேறாது, ஒண்ணு ரெண்டு குளிர்காலம் ஓட்டும். மச்சான் வண்டிய அதுக்கு மேல வச்சுக்கறதா இருந்தா வெயில் காலத்துல நிதானமா கோர மாத்தறதப் பத்தி யோசிக்கலாம். பார்ட் வெல பெருசு இல்ல, கூலிதான் காசு.


மில்வுட்ஸ்_மச்சான் (எட்மன்டன்)

மக்களே, சனிக்கிழமை முழுக்க அதுலயே போச்சு, ஆனா சூடு வந்துருச்சு!!

குழாய் ஒண்ணு நல்லபடியா கழண்டுச்சு, இன்னொண்ணு அசையவே இல்ல, அண்ணன் சொன்ன மாதிரி கீறித்தான் எடுத்தேன். தலைகீழா தண்ணிய விட்டதும் மொதல்ல ஒண்ணுமே வரல, குழாய்ல இருந்து சொட்டு சொட்டா ஒழுகுது, நான் அவ்ளோதான் போலன்னு நெனச்சுக்கிட்டு நிக்கறேன், அப்புறம் திடீர்னு பொளக்குன்னு ஒரு சத்தம், வாளியில வந்து விழுந்தது பாருங்க, நேத்து வச்ச புளிக்குழம்பு மாதிரி ஒரு கலர், அதுல நகத்தளவு நகத்தளவா செதில், அந்த மினுக்குப் பொடி. அந்த நாத்தம் இன்னும் மூக்குலயே இருக்கு. மாறி மாறி விட்டதுல மத்தியானத்துக்கு மேல தண்ணி தெளிவா வந்துச்சு. ரேடியேட்டர்லயும் பழசெல்லாம் எறக்கிட்டு புதுசு ஊத்துனேன், மூடியும் புதுசு.

ஸ்டார்ட் பண்ணி சூடேறுனதும் டேஷ்போர்டு ஓட்டையில கன்னுக்குப் பதிலா சமையல் தெர்மாமீட்டரச் சொருகிப் பாத்தேன், 52 டிகிரி. முன்னாடி 20ஐத் தாண்டுனா அதிசயம். கால் பக்கம் ஷூவுக்குள்ளயே சூடு தெரியுது.

ஆனா ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விட்டா 35க்கு எறங்குது, லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்தா திரும்ப ஏறுது. இப்ப டேஷ்போர்டுக்குப் பின்னாடி கொடகொட சத்தமும் கேக்குது, முன்னாடி அது இல்ல. வாட்டர் பம்ப்பும் போச்சா?


கல்கரி_கருப்பட்டி

பம்ப்ப இப்ப தொடாதீங்க. கொடகொடன்னா ஏர் புடிச்சிருக்கு, முழுசா எறக்கி ஊத்துனா வர்றதுதான். வண்டிய முன்பக்கம் மேடா இருக்கற எடத்துல நிறுத்துங்க, சரிவான ட்ரைவ்வே இருந்தா போதும், இல்லன்னா ரேம்ப்ல ஏத்துங்க. வண்டி ஆறி இருக்கும்போதே மூடியத் தொறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, ஹீட்டர் ஃபுல் சூடு, ஃபேன் கம்மி. தெர்மோஸ்டாட் தொறக்கற வரைக்கும் கொமிழி கொமிழியா வரும், மட்டம் எறங்க எறங்க ஊத்திக்கிட்டே இருங்க. மேல இருக்கற பெரிய ரேடியேட்டர் குழாய அப்பப்ப அமுக்கி விடுங்க, சிக்குன காத்து நகரும். கொமிழி நின்னு மட்டம் நிலைச்சதும் மூடியப் போட்டுருங்க, பொங்கற அளவுக்கு விடாதீங்க.

கொமிழி நிக்கவே நிக்காம மணிக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தா அது வேற கதை, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினோட மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) வழியா எரிஞ்ச கேஸ் கூலன்ட்டுக்குள்ள வருதான்னு பாக்கணும். அதுக்கு நீலக் கலர் திரவம் போட்ட ஒரு டெஸ்ட் கிட் இருக்கு, கேஸ் இருந்தா மஞ்சளாயிரும், வாடகைக்குக் கூட பார்ட்ஸ் கடையில குடுப்பாங்க. முன்னாடி ஆளு அடைப்பு மருந்து ஊத்துனதுக்குக் காரணம் என்னவா இருந்துச்சோ, அதுக்காகவாச்சும் ஒருதரம் பாத்துருங்க.


மில்வுட்ஸ்_மச்சான் (எட்மன்டன்)

மேட்டுல நிறுத்தி விட்டதுல பெரிய பெரிய கொமிழியா வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு, முக்கா லிட்டர் உள்ள போச்சு. இப்ப ஐடில்ல கூட 49, 50ல அசையாம நிக்குது. டெஸ்ட் கிட்டும் வாங்கிப் போட்டேன், நீலம் நீலமாவே இருந்துச்சு. பொண்ணு பின்சீட்ல ஜாக்கெட்டக் கழட்டிட்டா, அப்பா சூடு கம்மி பண்ணுங்கறா.

அப்ப அவரு ஏன் அந்த மருந்த ஊத்துனாருன்னு தெரிஞ்சுக்கத்தான் ஆசை. ரேடியேட்டர் கீழ் மூலையில பழைய கறை ஒண்ணு இருக்கு, இப்ப ஈரம் இல்ல.


ஸ்கார்பரோ_ஸ்பானர்

சந்தோசம் தம்பி. அந்தக் கறைதான் காரணமா இருக்கும், இனி அதிலதான் கண் வைச்சிருங்கோ. அடைப்பெல்லாம் கழுவுப்பட்டாப் பிறகு பழைய ஊசியோட்டை திறக்கிறது நடக்கிறதுதான். கொஞ்ச நாளைக்குக் காலமை வாகனம் ஆறிக் கிடக்கேக்கை மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கோ, கீழ ஒரு காட்போட்டைப் போட்டு வையுங்கோ, ஒழுகினால் தெரியும். றேடியேற்றர் ஒழுகினால் புதுசு பூட்டுங்கோ, உங்கட மாதிரி வாகனத்துக்கு அது அரைநாள் வேலை, திரும்பவும் மருந்து ஊத்துற யோசனையே வேண்டாம்.

கூலன்ற் என்ன கலவையில ஊத்தினனீங்கள்? பாதிக்குப் பாதி எண்டால் மைனஸ் 37 மட்டும் தாங்கும். எட்மன்டனுக்கு அது விளிம்பு. 60 பங்கு கூலன்ற், 40 பங்கு தண்ணி எண்டால் மைனஸ் 50 பக்கம் போகும். கூடக் கூட நல்லது எண்டு தண்ணி கலக்காமல் தனிக் கூலன்ற்றை ஊத்துற ஆக்களும் இருக்கினம், கூலன்ற்றில இருக்கிற முக்கிய சாமான் கிளைக்கோல், அது தனியா மைனஸ் 13 அளவிலயே உறையத் தொடங்கும், சூட்டையும் ஒழுங்காக் கடத்தாது. கலவையைச் சோதிக்கிற சின்ன மீற்றர் ஒண்டு வேண்டி வைச்சிருங்கோ. நிறத்தைப் பாத்து கூலன்ற் வாங்காதேங்கோ, பச்சை, செம்மஞ்சள் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாகனத்தின்ர புத்தகத்தில எந்த ரகம் எண்டு கிடக்கோ அது மட்டும்.


மில்வுட்ஸ்_மச்சான் (எட்மன்டன்)

ஏற்கனவே பாதிக்குப் பாதி கலந்து விக்கறதத்தான் ஊத்துனேன், கழுவுன தண்ணி கொஞ்சம் உள்ளயே நின்னிருக்கும்ல, அப்ப மைனஸ் 37 கூட இருக்காது. மீட்டர் வாங்கிப் பாத்துட்டு கொஞ்சம் எறக்கிட்டு தனிக் கூலன்ட் சேத்துக்கறேன். அதுவரைக்கும் ராத்திரி எஞ்சின கரண்ட்ல சூடா வைக்கிற ப்ளாக் ஹீட்டர சொருகி வச்சிர்றேன்.


ரெஜினா_ராசா

ப்ரொப்பேன் யோசனைக்காக எல்லாரும் என்னை முறைக்காதீங்க, வாபஸ். அப்படியே என் வண்டிக்கும் ஒரு வழி சொல்லுங்க, 2008 பிக்கப், சூடு நல்லா வருது, ஆனா ஃபேன் நாலாம் நம்பர்ல மட்டுந்தான் சுத்துது, ஒண்ணு ரெண்டு மூணுல சத்தமே இல்ல. மோட்டார மாத்தணுமா?


கல்கரி_கருப்பட்டி

மோட்டார் நல்லா இருக்கு, இல்லன்னா நாலுலயும் சுத்தாது. ப்ளோயர் ரெசிஸ்டர் போச்சு. கொறைஞ்ச ஸ்பீடுக்கெல்லாம் கரண்ட் அது வழியாத்தான் போகும், ஃபுல் ஸ்பீடுக்கு மட்டும் நேரா போகும். நெறைய வண்டில பாசஞ்சர் கால் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில ரெண்டு ஸ்குரூல இருக்கும், படுத்துக்கிட்டுப் பாத்தா தெரியும். அதைப் புடுங்கும்போது ஒயர் சொருகுற கனெக்டரையும் பாருங்க, பிளாஸ்டிக் உருகி பழுப்பா இருந்தா கனெக்டரையும் சேத்து மாத்துங்க, இல்லன்னா புது ரெசிஸ்டரும் சீக்கிரமே போயிரும். ஃபேன் கூண்டுக்குள்ள எலி கூடு கட்டியிருந்தாலும் மோட்டார் திணறி கரண்ட் அதிகம் இழுத்து இதே மாதிரி எரிக்கும், உங்க ஃபார்ம் பக்கம் எலிக்கா பஞ்சம், கழட்டுனதோட அதையும் எட்டிப் பாத்துருங்க.